கடைசி வளைவு

அவர்கள் ஏழு பேரும் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். நூறடி பின்னால் நான்.

திருத்தணி மலை. மார்கழிக் காலை. பனி மூக்கில் ஏறி மண்டையைக் குடைந்தது. துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியும் பல் தந்தியடித்தது.

பாடியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். மார்கழி பிறந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சைக்கிளில் இங்கே வந்துவிடுவோம். படி வழியாகப் போக மாட்டோம். தினமும் நம்மைச் சுமக்கிற வண்டிக்கும் சாமியைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கூட்டாளி துலுக்கானத்தின் கட்டளை. அதனால் வண்டிப் பாதையில் தள்ளிக்கொண்டே ஏறுவோம்.

இந்த வருஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். வெட்கங்கெட்டவன் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஏழு பேரில் ஒருத்தனாவது என்னோடு பேசிவிட மாட்டானா?

இந்த அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி பிறந்ததும் கம்பெனியில் ஸ்டிரைக். முப்பத்திரண்டு நாள் நானும் அவர்களோடு கேட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பார்வதம் பிள்ளைத்தாய்ச்சி. அரிசிப் பானையில் கையை விட்டால் அடி தட்டியது. முப்பத்துமூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்கு உள்ளே போய்விட்டேன்.

துலுக்கானம் வீட்டிலும் அதே கதைதான். அவன் போகவில்லை.

அடுத்த ஒன்பதாம் நாள் ஸ்டிரைக் முடிந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது, எனக்கும் சேர்த்து.

அந்த ஒன்பது நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கக் கூடாதா, பாவி!

நாலு மாசம் ஆகிறது. பக்கத்து மெஷினில்தான் நிற்கிறான் துலுக்கானம். என் பக்கம் திரும்புவதில்லை. குழந்தை பிறந்தது, ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வரும் வழியில் திருவள்ளூர் டீக்கடையில் ஏழு டீதான் சொன்னார்கள். அவர்கள் புறப்பட்ட பிறகு நான் போய் ஒன்று வாங்கிக் குடித்தேன்.

மூச்சு வாங்க நின்று நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வளைவில் அவர்கள் நின்றிருந்தார்கள்.

அது எங்கள் வழக்கம். எவனும் முந்திக்கொண்டு மேலே போகக் கூடாது. பின்தங்கியவன் வந்து சேரும்வரை அந்த வளைவில் நின்று, எல்லோரும் ஒன்றாகத்தான் போவோம்.

எண்ணிப் பார்த்தேன். ஏழு பேரும் இருந்தார்கள். அப்படியென்றால் யாருக்காக நிற்கிறார்கள்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் போன இடம் தெரியவில்லை. சைக்கிளை உந்திக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். தப்புப் பண்ணிவிட்டேன் மச்சான் என்று துலுக்கானத்திடம் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றும் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, கையைப் பிடித்துக்கொண்டால் அவனுக்குப் புரியும்.

அவர்கள் நடுவில் போய் நின்றேன். சிரித்தேன்.

துலுக்கானம் தன் சைக்கிளைப் பாதையோரமாக ஒதுக்கினான். மற்ற ஆறு பேரும் ஒதுக்கினார்கள்.

"நீ முன்ன போய்க்கினே இரு. நாங்கல்லாம் ஒண்ணா வர்றோம்" என்றான் துலுக்கானம்.

மேலே நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.