முதுகைக் காட்டிய கொக்கு

குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று நாளாக நின்றது ஒரு கொக்கு.

"பைத்தியமா உனக்கு? மீன் எல்லாம் பின்னாடி இருக்கு," என்றது நண்டு.

"கத்தாதே. ஆசையைக் காட்டினா மீன் கிராக்கி பண்ணும். வேண்டாம்னு நடந்தா, தானா கூப்பிடும்." சொல்லும்போதே பசியில் அதன் கால் நடுங்கியது.

அப்போது ஒரு விரால் மீன் தலையை நீட்டியது. "என்ன அண்ணே, திரும்பிக்கூடப் பார்க்கல? நான் அவ்வளவு மட்டமா? வாங்க, தின்னுட்டுப் போங்க!"

கொக்கு திரும்பவில்லை. "ஒண்ணு கட்டாது. உன் தம்பியையும் சேர்த்துக் குடு."

விரால் முறைத்துக்கொண்டே போய்த் தம்பியை இழுத்து வந்தது. "இந்தாங்க, ரெண்டு பேர்."

"மூணு," என்று சொல்லி இரண்டு எட்டு நடந்த கொக்கு, மயங்கிச் சேற்றில் விழுந்தது.

விரால் எட்டிப் பார்த்தது. "உள்ளே வாடா தம்பி. இது வாங்குற மூஞ்சி இல்ல."