இரண்டு பள்ளங்கள்

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்காவ வீட்டுக்குக் கூப்புடுப்பா," என்றாள் பிரபாவதி. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது விழுப்புரத்து வீட்டின் சட்டம்.

"டிகிரி வாங்கினா வாய் நீண்டுடுமா? வேலையப் பாரு," என்றார் அப்பா ஆரோக்கியராஜ்.

வேலை, மெழுகுவர்த்தி செய்வது. டிசம்பரானால் மெழுகை உருக்கி, மல்லிகை எசன்ஸ் கலந்து, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி உறவுக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். உறைந்துவிட்டதா என்று அக்கா சகாயமேரி கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் விழும், திட்டு வாங்குவாள். விரும்பியவனோடு அவள் திண்டிவனம் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று டிசம்பரிலும், யாரும் தொடாத டம்ளர்களில் அந்தப் பள்ளம் விழுந்தது. அம்மா கரண்டியைச் சூடாக்கித் தடவி மட்டமாக்கிவிடுவார்.

இன்று கரண்டியோடு வந்த அம்மா அப்படியே நின்றார்.

"இங்க பாருடி."

ஒவ்வொரு டம்ளரிலும் பெரிய பள்ளத்துக்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் இன்னொன்று இருந்தது. அதில் குழந்தை விரலின் ரேகைகூடத் தெரிந்தது.

பிரபாவதி அடுப்பை அணைத்தாள்.

"அக்கா ஓடிப்போனா நீ என் காலேஜ நிறுத்திடுவியோன்னு பயந்துதாம்ப்பா, அது லவ் பண்றத உங்கிட்ட போட்டுக் குடுத்தேன். போன வருசம் அக்கா மூணு தடவ போன் பண்ணிச்சு. நான் எடுக்கல."

கரண்டி ஆறிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"திண்டிவனம். வரும்போது நாலு பேரா வருவோம். கதவத் தொறக்கறதும் மூடறதும் உன் இஷ்டம்," என்று படியிறங்கினாள்.