தொள்ளாயிரம் சதவீதம்

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் கணக்கு வாத்தியார் பிலிப்ராஜ் மாற்றலாகி ஜவ்வாது மலைக்கு வந்தார். ஏழாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டு கணக்கு மார்க்குகளைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி, பக்கத்தில் வரைபடமும் போட்டார். சதவீதத்தில் அதிகம் ஏறியவருக்கு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசு.

“சார், நான் முப்பதுல இருந்து அறுபது! எனக்குத்தான?” அர்ச்சுனன் எழுந்தே விட்டான்.

“ஏறுனதைப் பழைய மார்க்கால வகுக்கணும்டா. உனக்கு நூறு சதவீதம். செந்தாமரை எட்டுல இருந்து எண்பது. எழுபத்திரண்டை எட்டால வகுத்து, நூறால பெருக்கு. தொள்ளாயிரம்!”

“அவளுக்கா சார்? அப்போ அவளுக்கே குடுத்துடுங்க.” அர்ச்சுனன் சட்டென்று உட்கார்ந்துகொண்டான். வகுப்பில் ஒருவரும் கை தட்டவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார் பிலிப்ராஜ்.

“எழுந்திரும்மா. இப்படி ஏற இன்னா செஞ்சேன்னு எல்லாருக்கும் சொல்லு.”

“ஒண்ணும் செய்யலைங்க சார். பாக்ஸை அர்ச்சுனனுக்குக் குடுங்க. அவன்தான் படிச்சான்.”

“அட, வரைபடத்துல உன் கோட்டைப் பாரு. கூரையைத் தொடுது!”

“எனக்கு எப்பவும் எண்பதுதாங்க சார் வரும்.”

“அப்புறம் எட்டு எப்படி வந்துச்சு?”

செந்தாமரை கரும்பலகையைப் பார்த்தபடி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

“கணக்குப் பரீட்சை அன்னிக்குக் காலையிலதாங்க எங்கம்மாவைப் பொதைச்சோம். வூட்ல இருந்தா அழுதுக்கினே இருப்பேன்னு அப்பா இங்க அனுப்பிட்டாரு.”