நீல அட்டைப் புத்தகம்

“இந்த ரெண்டுல எது பழைய பாடத்திட்டம்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

புத்தகக் கடைக்காரருக்குக் கேள்வி பிடித்திருந்தது. பெரும்பாலானவர்கள் எதையும் கேட்காமல் வாங்கிப்போய்விட்டு, தேர்வு முடிந்த பிறகு வந்து சண்டை பிடிப்பார்கள்.

“நீல அட்டை பழசும்மா. சிவப்பு அட்டை புதுசு. துறைமுக எழுத்தர் பரீட்சையை இந்த வருஷம் தலைகீழா மாத்திட்டாங்க. நீலத்தைப் படிச்சா பழைய கேள்விக்குத்தான் பதில் தெரியும். அதையெல்லாம் போன வருஷமே எழுதிட்டுப் போயிட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. இரண்டு புத்தகங்களின் பொருளடக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்து, இடது கை விரலை ஒன்றிலும் வலது கை விரலை மற்றதிலும் வரிவரியாக நகர்த்திக்கொண்டு வந்தாள்.

“முக்கால்வாசி மாறியிருக்கு” என்றாள் கடைசியில்.

“எங்க அண்ணி இப்படித்தான்” என்றாள் கூட வந்திருந்த நாத்தனார். தையற்கடையிலிருந்து நேராக வந்தவள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது. “ஒரு ஊசி வாங்கினாக்கூட வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பார்ப்பாங்க.”

பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “எங்க அண்ணன் துறைமுக ஆபீஸ்லதான் இருந்தார். மிதவைங்களைக் கணக்கெடுக்கப் படகுல போனவர். படகு மட்டும் கரை ஒதுங்கிச்சு.”

கடைக்காரர் தூசி இல்லாத மேசையைத் துணியால் ஒரு முறை துடைத்தார்.

கதவில் கட்டியிருந்த மணி அடித்தது. அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். பேனா வாங்க வந்த ஒருவர். அவள் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தாள்.

“ஆபீஸ்ல நல்ல மனுஷங்க” என்றாள் நாத்தனார். “வீட்டுல ஒருத்தருக்கு அந்த வேலையைத் தரேன்னு சொல்லிட்டாங்க. தங்கச்சிக்குக் கிடையாதாம். பெண்டாட்டி எழுதணும், இல்ல பிள்ளை எழுதணும். பிள்ளை எழுதலாம்தான், அதுக்கு இன்னும் பல்லே முளைக்கல.”

“அப்போ அண்ணிதான் எழுதியாகணும்” என்றார் கடைக்காரர்.

“ஒரே தடவைதான் எழுத விடுவாங்க. பாஸ் பண்ணா மறுநாளே மேசையில அண்ணன் பேரை எடுத்துட்டு அண்ணி பேரை வெச்சுடுவாங்களாம். இல்லன்னா அந்த நாற்காலி சும்மா கிடக்கும். அந்த இடத்துக்கு வெளி ஆளை எடுக்க உத்தரவு இல்லையாம்.” நாடாவின் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். “நானும் எத்தனை நாள் ஒத்தை மிஷினை மிதிச்சுக் குடும்பத்தை இழுக்கிறது, சொல்லுங்க?”

மணி மறுபடியும் அடித்தது. அந்தப் பெண் மறுபடியும் திரும்பினாள். பேனா வாங்கியவர் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

“அவசரமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணே.”

நாத்தனார் சிவப்பு அட்டையை எடுத்து, பணம் கொடுத்து, பைக்குள் வைத்தாள். அதற்குள் அவளுடைய போன் அலறியது. “ஒரு கை மட்டும் நீளமா இருக்கா? இப்போதைக்கு மடிச்சு விட்டுக்கோங்க, சாயந்தரம் சரிபண்ணித் தரேன்” என்று சமாளித்தபடியே பையை அண்ணி கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போனாள்.

அந்தப் பெண் சிவப்பு அட்டையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். நீல அட்டையைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள்.

“இதை மாத்திக் கொடுங்க. பழுப்புத்தாள்ல உறை போட்டுடுங்க. நிறம் வெளியில தெரியக் கூடாது.”

“அம்மா, இது பழசு. இப்பத்தானே சொன்னேன்?”

“தெரியும்ணே. கேட்டுட்டுத்தான் எடுக்கிறேன்.”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் இருப்பவள், புத்தி கலங்கியிருக்கிறாள் என்று நினைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

“இதைப் படிச்சுட்டுப் போனா நிச்சயமா ஃபெயில்மா. மறு வாய்ப்பும் கிடையாது. உங்க நாத்தனார் அந்தப் பாடு படறாங்க.”

“ஆமா. பாவம் அவ.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “எழுதமாட்டேன்னு சொன்னா விடமாட்டா. சிவப்பைப் படிச்சுட்டுப் போனா, தெரிஞ்ச கேள்விக்குத் தப்பா எழுத எனக்குக் கை வராது. இதைப் படிச்சுட்டுப் போனா கேள்வியே தெரியாது. பொய் சொன்ன மாதிரியும் இருக்காது.”

கண்ணில் ஈரம் இல்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லாம் பாடத்தைப் பிரித்துக்கொள்வதுபோல், அவளும் இதை யோசித்துப் பிரித்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் பழுப்புத்தாளை எடுத்து விரித்தார். நீல அட்டையை அதன்மேல் வைத்தவர், மடிக்க மனம் வராமல் நின்றார்.

“எனக்கென்ன, ரெண்டும் வியாபாரம்தான். ஆனா கைக்கு வர்ற வேலையைக் காலால தள்ளுவாங்களாம்மா?”

கதவு மணி அடித்தது. அவள் திரும்பினாள். யாரும் இல்லை, காற்றுக்குக் கதவு ஆடியிருந்தது. அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“நான் பாஸ் பண்ணிட்டா, அவர் வந்து எங்கேண்ணே உட்காருவார்?”