கயிறு இழுக்கக் கூடாது

"பற்றரி சார்ஜ் ஏறிட்டுதோ?" என்று கேட்டார் அருளப்பு.

"ஓமப்பா, கொண்டு போங்கோ," என்றாள் அவர் மனைவி மேர்சி.

அவருக்கு இதயம் பலவீனம், கயிறு இழுத்து வள்ளத்தின் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் செல்ப் ஸ்டார்ட் பூட்டியிருந்தார்கள். அந்தச் சின்ன எஞ்சின் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றாது. வீட்டில்தான் ஏற்ற வேண்டும்.

அன்று கரையில், கயிற்றை இழுத்தபடியே அருளப்பு விழுந்து இறந்தார்.

"இரவு கரண்ட் நிண்டது, தம்பி. பற்றரி ஏறியிராது. நான் பாக்காமல் ஓமெண்டிட்டன். என்னாலைதான் கயிறு இழுத்தவர்," என்று மெக்கானிக் ஜெறோமிடம் அழுதாள் மேர்சி.

ஜெறோம் வள்ளத்தில் ஏறிப் செல்ப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான். எஞ்சின் உடனே பிடித்தது.

"கரையிலை அண்ணை எப்பவும் கயிறுதான், அக்கா. நடுக்கடலிலை பற்றரி கைவிட்டிடுமெண்டு சார்ஜை மிச்சம் பிடிச்சவர். 'மனுசிக்குச் சொல்லிப்போடாதை' எண்டுவார்."

"பாவி மனுசன்! எனக்கு ஒளிச்சே?" என்றாள் மேர்சி. அவர் உயிரோடு இருந்தபோது வரும் அதே கோபம்.