நாலாவது டேப்

"சின்னதே போதும்" என்றாள் எஸ்பெரான்சா, மூன்றாவது முறையாக.

கண்ணாடி மேஜைமேல் இரண்டு கருவிகள் இருந்தன. பழைய வீடியோ டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருபவை. ஒன்று கட்டைவிரல் அளவு. மற்றது சோப்புப் பெட்டி அளவு. விலை மூன்று மடங்கு.

"காசு நான்தானேம்மா குடுக்கறேன்?" மகள் மிலாவின் குரல் உயர்ந்தது. மணிலாவின் மின்சாமான் கடைத்தெருவான ரவோனின் அத்தனை ஒலிபெருக்கிகளையும் மீறிக் கேட்டது. வயர் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் காசா இருந்தா என்ன? வீண்தானே."

"அப்பா முகத்தைப் பாக்கறது வீணா?"

கடைக்காரர் ருஃபோ இடையில் புகுந்தார். "சின்னதுக்கு ஒரு வாரம் கேரண்டி. பெரிசுக்கு ஒரு வருஷம். பொண்ணுங்க கோபத்துக்குத்தான் நாங்க கேரண்டி தர்றதில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

நாளை கல்லறைத் திருநாள். சோறும் மெழுகுவத்தியுமாக மணிலாவே கல்லறைகளில் உட்கார்ந்திருக்கும். அப்பாவை அடக்கம் செய்து முப்பத்திரண்டு வருஷம். அவர் பேசுவதை அவர் கல்லறை அருகிலேயே தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று மிலாவுக்கு ஆசை.

அப்பா சவூதியில், தம்மாமில், வெல்டராக இருந்தார். அங்கிருந்து கப்பலில் பெட்டி வரும். சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, அவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றிய ஒரு டேப். டேப் போட்டுப் பார்க்கிற டெக் இருந்தது பக்கத்து வீட்டில். அந்த வீட்டுக்காரி பிள்ளைகளை உள்ளே விடமாட்டாள். அம்மா மட்டும் போய்ப் பார்ப்பாள். மிலாவும் தம்பியும் வாசலில் காத்திருப்பார்கள். வெளியே வந்து, அப்பா என்னென்ன சொன்னார் என்று அம்மா சொல்லுவாள்.

நாலாவது டேப் கப்பலில் வந்து சேர்ந்தபோது, அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த டேப்பில்தான் அவர் அதைச் சொன்னார்: மிலா படிப்பை விடக் கூடாது.

தையல் ஆலைக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்த பதினைந்து வயது மிலா, பையை அவிழ்த்தாள். இன்று அவள் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை.

மிலா கொண்டுவந்திருந்த அந்த நாலாவது டேப்பை ருஃபோ எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். "தம்மாம்ல எடுத்ததா? அப்போ சின்னது ஆகவே ஆகாது."

"ஏன்?"

"அங்கே பதிவு பண்ற முறை வேற, நம்ம ஊர் முறை வேற. நம்ம டெக்குல போட்டா வெறும் கோடுதான் ஓடும். குரல் எலி கத்தற மாதிரி இருக்கும். பெரிசு ரெண்டு முறையையும் எடுக்கும். ரெண்டும் ஓடற பழைய டெக் ஒண்ணும் நான் வச்சிருக்கேன்."

"அம்மா நம்ம ஊர் டெக்குலதானே பாத்தாங்க?"

"ரெண்டும் ஓடற டெக்கா இருந்திருக்கும்."

"ஆமா, ரெண்டும் ஓடும்" என்றாள் எஸ்பெரான்சா, சட்டென்று. "வா போகலாம். ஜீப்னி வண்டியில இடம் கிடைக்காது."

"அண்ணே, இப்பவே போடுங்க" என்றாள் மிலா.

"வேண்டாம் மிலா."

"ஏன் வேண்டாம்? அவருக்கு ஏத்தற மெழுகுவத்திக்கே பேரம் பேசறவ நீ. செத்தவருக்கு இதுக்குமேல என்ன செலவுன்னுதானே?"

எஸ்பெரான்சா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ருஃபோ டேப்பை உள்ளே தள்ளினார். திரை நடுங்கியது, பனி கொட்டியது, தெளிந்தது.

இரும்புக் கட்டிலின் ஓரத்தில், சாம்பல் நிற வேலை உடுப்போடு, மிலாவைவிடப் பத்து வயது சின்னவராக அப்பா உட்கார்ந்திருந்தார்.

மிலா வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்பெரான்சா கண்களை மூடிக்கொண்டாள்.

"எஸ்பி, உன் லெட்டர் வந்துச்சு" என்றார் அப்பா. "மூணு டேப்புமே வெறும் கோடுதானாமே?"

மிலா மெல்லத் திரும்பினாள்.

"அம்மா... மூணுமா?"

"நாலும்."

"அப்போ, அப்பா சொன்னதா நீ வந்து சொன்னதெல்லாம்?"

எஸ்பெரான்சா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"நானா சொன்னது."

"படிப்பை விடக் கூடாதுன்னது?"

"அதுவும்தான். நான் சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே."

மிலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ருஃபோ நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார், நிறுத்தவில்லை.

திரையில் அப்பா தலையைச் சொறிந்தார்.

"இங்கே ஒருத்தன் வேற டேப் குடுத்து, இதுல கட்டாயம் தெரியும்கறான். இதுவும் தெரியலைன்னா..." திடீரென்று சிரித்துவிட்டார். "தெரியலைன்னா நான் பேசறது மட்டும் உனக்கு எப்படிக் கேக்கும்? மடையன் நான்! சரி எஸ்பி, பிள்ளைங்க வாசல்ல காத்துக்கிட்டிருக்கும். நீயே ஏதாவது சொல்லிடு. நீ என்ன சொன்னாலும், அது நான் சொன்னதுதான்."