எட்டுப் போட்டவள்

“நான் கத்துக்குடுக்க மாட்டேன். இன்னும் நூறு தடவை கேட்டாலும் இதான் பதில்.”

சொல்லிவிட்டு அப்பா, கழற்றிய கார்புரேட்டருக்குள் வாயை வைத்து ஊதினார். பேச்சு முடிந்தது என்று காட்ட வீட்டில் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். பட்டறையில் கார்புரேட்டரை ஊதுவார்.

மகள் அசையவில்லை. பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். பைக்கை அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸை மட்டும் நாற்பது நாளைக்குள் அவள் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“ஊர்ல இருக்கிற பைக்குக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. பெத்த பொண்ணுக்கு கிளட்ச் பிடிக்கச் சொல்லித் தர மட்டும் மனசு வரலையாப்பா?”

“அந்தச் சுவத்தைப் பாரு.”

வளைந்த ஹேண்டில்பார், நசுங்கிய ஹெல்மெட், விளக்கு பெயர்ந்து வாய் பிளந்த முகப்பு. விபத்தில் சிக்கி வந்த வண்டிகளின் மிச்சங்களை ஆணியடித்து மாட்டியிருந்தார். வருகிறவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்றுதான்.

“இதெல்லாம் ‘எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்’னு சொன்னவனுங்க வண்டி.”

“அப்ப தெரியாதவங்க வண்டி எங்கே?”

“தெரியாதவன் ஏன் ஓட்டப் போறான்? அவன் புத்திசாலி.”

மேற்கொண்டு சண்டை வளர்வதற்குள் பால்காரர் வந்துவிட்டார், வண்டியை எடுத்துப் போக.

“தெருமுனை வரைக்கும் போய்ட்டு வாங்க” என்றார் அப்பா. பால்காரர் ஒரு சுற்றுப் போய் வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நின்றார்.

“செயின் இன்னும் கொஞ்சம் தளரணும். பின்னாடி பிரேக் லேசா ஒட்டுது.”

இரண்டையும் சரிசெய்தார். இரண்டாவது சுற்றில் வண்டி வெண்ணெயாகப் போனது.

“இதான் டாக்டர்ங்கிறது!” பால்காரர் மகளைப் பார்த்துச் சொன்னார். அந்த வட்டாரத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர். “மத்தவனெல்லாம் ட்ரயல் பாக்கறேன்னு மாமியார் வீடு வரைக்கும் போய் நம்ம பெட்ரோலைக் காலி பண்ணிடுவான். உங்கப்பா அடுத்தவன் வண்டி மேல காலைத் தூக்கிப் போட்டு நான் பாத்ததில்ல. காதாலயே கண்டுபிடிச்சிடுவார். அப்படி ஒரு நேர்மை!”

“எல்லாருக்கும் நேர்மை. எனக்குத்தான் ஒண்ணும் கிடையாது” என்று முணுமுணுத்தபடி மகள் வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா அவளைத் தேற்றவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அவரை விடு. நீ டிரைவிங் ஸ்கூல்ல சேரு. இதுல அவரை நம்பிப் பிரயோஜனமில்ல” என்றாள். அந்தச் சிரிப்பு வேறு மகளுக்கு எரிச்சலூட்டியது.

சேர்ந்தாள். முதல் வாரம் நான்கு முறை விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு காய்ந்து ஆறுவதற்குள் மறுபடி தேய்ந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் மருந்துக்கடைக் களிம்பு ஒன்று தினமும் அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

தேர்வு நாள். மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிதாக எட்டு வரைந்திருந்தார்கள். காலைத் தரையில் ஊன்றாமல் அதில் சுற்றி வர வேண்டும். அவளுக்கு முன்னால் போன பதினோரு பேரும் ஊன்றினார்கள். ஒருவர் எட்டைவிட்டு விலகி, வேலிக்கே போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார், கிரீஸ் சட்டையோடு, கடையைப் பூட்டிவிட்டு. அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கிளட்சை விட்டாள்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பைக் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கால் படவே இல்லை.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார், கால் படலையே!”

“படலைம்மா, நீ பாஸ். பின்னாடி நிக்கிறவங்க பாத்துக் கத்துக்கட்டும்னுதான்.”

இரண்டாவது எட்டு முதல் எட்டைவிட அழகாக வந்தது. மைதானமே கை தட்டியது. எல்லாருடைய சத்தத்துக்கும் மேலே ஒரு விசில் கேட்டது. டாக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

அவள் பைக்கை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் ஆத்திரமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“ஜெயிச்சிட்டேன். வேலையும் எனக்குத்தான். இப்பவாவது சொல்லுங்க, ஏன் கத்துக்குடுக்கல? நான் பொண்ணுங்கிறதாலயா?”

“சேச்சே! அப்படியெல்லாம் இல்ல கண்ணு.”

“பின்ன?”

அப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. இருந்தும் குனிந்து, அவள் காதோடு சொன்னார்.

“தெரிஞ்சவன்தானே கத்துக்குடுக்க முடியும்? இருபத்திரெண்டு வருஷமா நான் எல்லா வண்டியையும் தள்ளிக்கிட்டுதாம்மா போறேன்... நாளைக்குக் கடை திறக்கறதுக்கு முன்னாடி, யாருக்கும் சொல்லாம, எனக்குக் கொஞ்சம் கத்துக்குடுக்கிறியா?”